மடிந்து வந்த கார்டுக்கு என்ன ரிவியூ எழுதுவது?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மூன்று வருடமாகப் போக்கிமான் கார்டு சேர்க்கிறான். பொங்கலுக்குக் கிடைத்தது, பிறந்தநாளுக்குத் தாத்தா கொடுத்தது என்று சேர்த்து வைத்த பணத்தில், ஆன்லைனில் ஒருவரிடம் மூன்று ஹோலோ கார்டுகளை (பளபளக்கும் படலம் உள்ளவை) 2,400 ரூபாய்க்கு வாங்கினான். விளம்பரத்தில் ‘நியர் மிண்ட்’, அதாவது கிட்டத்தட்டப் புதுசு, என்று போட்டிருந்தது. வந்ததோ ஒரு சாதாரண ஆபீஸ் கவரில். மூன்று கார்டும் ஒரே பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள், சுற்றி ஒரு வெள்ளைத் தாள், அவ்வளவுதான். ஒரு கார்டின் மேல் முனையில் குறுக்கே மடிப்பு விழுந்திருக்கிறது. மூன்றுமே லேசாக வளைந்தும் இருக்கின்றன. விற்றவரிடம் சொன்னால், ‘கூரியர்காரர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை’ என்றார். மறுநாள் அவரே, ‘ஐந்து ஸ்டார் போடுங்கள், 500 ரூபாய் அனுப்புகிறேன்’ என்கிறார். மகன் ‘திருடன்’ என்று எழுதி ஒரு ஸ்டார் போடத் துடிக்கிறான். கணவரோ, ‘நம் விலாசம் அவனிடம் இருக்கிறது, வம்பு வேண்டாம்’ என்கிறார். முன்னூறு பேருக்கு மேல் அவருக்கு நல்ல ரேட்டிங் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் என்ன எழுதுவது? எழுதத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பழைய தபால்தலைகள், படத் தபால் அட்டைகள், சேகரிப்பு கார்டுகளை மதிப்பிட்டு வாங்கி விற்பவர்

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதத்தான் வேண்டும். ஆனால் ரிவியூ கடைசியாகச் செய்கிற வேலை. அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன, அதில் ஒன்றுக்குக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில், கார்டு வந்த கவர், வெள்ளைத் தாள், ஸ்லீவ் மூன்றையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். குப்பைக் கூடையில் இருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வையுங்கள். என்னிடம் இப்படிப் புகாரோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மடிந்த கார்டைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பார்கள், கவரைக் கிழித்து எறிந்திருப்பார்கள். கார்டை மட்டும் காட்டினால், ‘உங்கள் வீட்டில்தான் மடிந்திருக்கும்’ என்று எதிராளி ஒரே வரியில் முடித்துவிடலாம். கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதிலும் ஒரு மடிப்புக் கோடு இருக்க வாய்ப்பு அதிகம். கார்டை அது இருந்த இடத்தில் வைத்து, இரண்டு கோடும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதைப் படம் எடுங்கள். ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் இல்லாமல், கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும். அப்புறம் அறையை இருட்டாக்கிவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைக் கார்டுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு படம். நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடுகிற மடிப்பும் கீறலும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். பழைய தாள்களைப் பரிசோதிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வழக்கம்தான் இது. கவரின் இரண்டு பக்கமும், கூரியர் சீட்டில் உள்ள எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் போதும்.

டார்ச்சைப் பிடிக்கும்போது மற்ற இரண்டு கார்டுகளையும் அதே வெளிச்சத்தில் பாருங்கள். ‘ஒரு கார்டுதான் கெட்டுவிட்டது’ என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று கார்டுகளை ஒரே ஸ்லீவில் திணித்திருந்தால், வருகிற வழியெல்லாம் ஒன்றன் முதுகு இன்னொன்றின் முகத்தில் உராய்ந்துகொண்டே வந்திருக்கும். ஹோலோ பரப்பில் அது மெல்லிய கீறல்களாக விழும். மடிப்பு போல உடனே கண்ணில் படாது, ஆனால் விலையில் தெரியும்.

மூன்றும் லேசாக வளைந்திருக்கின்றன என்று சொன்னீர்களே, அதைப் புகாரில் சேர்க்காதீர்கள். ஹோலோ கார்டில் காகித அடுக்குகளோடு ஒரு ஃபாயில் படலமும் ஒட்டியிருக்கும். காகிதம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து விரியும், காய்ந்தால் சுருங்கும். ஃபாயில் அப்படி அசைந்து கொடுக்காது. அதனால் ஈரம் மாறும்போதெல்லாம் கார்டு வில் மாதிரி வளையும். வேறு ஊர்க் காற்றிலிருந்து மதுரைக் காற்றுக்கு வந்தாலே போதும். நல்ல பேக்கிங்கில் வந்த கார்டும் வளையலாம், புதுப் பாக்கெட்டைப் பிரித்து எடுத்த கார்டும் வளையலாம். இதற்கு விற்றவரைக் குற்றம் சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் உங்கள் மடிப்புப் புகாரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

சரி, மடிப்புக்கு வருவோம். யார் பொறுப்பு? கூரியர்காரர் மேல் பழி போடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் சொல்கிற பதில். நான் அதை ஏற்பதில்லை. கூரியர் பைகள் எப்படிப் போகின்றன என்பது விற்பவருக்குத் தெரியாத ரகசியம் அல்ல. மூட்டைக்குள் எட்டுப் பத்துக் கிலோ சாமானுக்கு அடியில் ஒரு கவர் கிடக்கும். லாரியில் ஏற்றும்போது மூட்டை எறியப்படும். டெலிவரி செய்கிற பையன் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கவரைச் சுருட்டி கேட் கம்பிக்குள் செருகிவிட்டுப் போவான். தபாலில் அனுப்பினால், கவர் மேல் உலோக முத்திரையைக் கையால் ஓங்கிக் குத்துவார்கள். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் பேக்கிங் என்று ஒன்று இருக்கிறது. லாரி மழையில் கவிழ்ந்து பார்சல் நனைந்து வந்தால் அது வேறு கதை. வெறும் காகிதக் கவரில் போட்ட கார்டு மடிந்தால், அது அனுப்பியவர் அனுப்பும்போதே எடுத்த முடிவு.

நல்ல பேக்கிங் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் ரிவியூவில் எது இல்லை என்று சொல்ல முடியும். போக்கிமான் கார்டு 63-க்கு 88 மில்லிமீட்டர். ஒவ்வொரு கார்டும் தனித்தனி ஸ்லீவில் போக வேண்டும். இது கீறலுக்கான காவல். ஸ்லீவோடு சேர்த்து டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டும். இது மடிப்புக்கான காவல். ஸ்லீவ் இல்லாமல் நேரடியாக டாப்லோடரில் போட்டால், உள்ளே ஒரு மணல் துகள் இருந்தாலும் கார்டில் கோடு இழுத்துவிடும். டாப்லோடரின் வாய் திறந்தே இருக்கும். கார்டு அதன் வழியாக நழுவி வெளியே வந்தால், முனை அடிபடும். அதனால் வாயில் பேப்பர் டேப் ஒன்றைக் குறுக்கே ஒட்டி, பிரிப்பதற்கு வசதியாக ஒரு நுனியை மடித்துவிடுவார்கள். செல்லோடேப் கூடாது, அது பசையை விட்டுச் செல்லும். பிறகு இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. அந்த அட்டைக்குள் அலை அலையாக வரிகள் ஓடுமே, ஒரு அட்டையில் அது நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் இருக்கிற மாதிரி வைத்தால் எந்தப் பக்கமும் மடியாது. கடைசியில் பபிள் கவர்.

இதற்கெல்லாம் சேர்த்து 40, 50 ரூபாய்க்குள்தான் ஆகும். டாப்லோடர் கைவசம் இல்லாத ஊரில் கூட, ஸ்லீவும் இரண்டு அட்டையும் இருந்தால் கார்டு பிழைத்துவிடும். 2,400 ரூபாய்ச் சரக்குக்கு இதைச் செய்யாமல் விட்டது அலட்சியம். அந்த வார்த்தையை நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

அந்த மடிப்பின் மதிப்பு என்ன என்பதையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறது. முனை, ஓரம், பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற லேசான மடிப்பு ஒன்று இருந்தாலே, மற்றபடி புதுசு போல இருக்கிற கார்டு 4 பக்கம் போய் நின்றுவிடும். ‘நியர் மிண்ட்’ என்ற பெயருக்கும் அதற்கும் வெகுதூரம்.

சட்டமும் இந்த இடத்தில்தான் உங்களுக்குக் கை கொடுக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், ஆன்லைன் சந்தையில் விற்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பவோ மறுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து எப்போதோ ஒன்றிரண்டை விற்கிற தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. முன்னூறு பேருக்கு மேல் விற்றவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இனி அந்தக் கெடு. நீங்கள் வாங்கிய தளத்தில் ரிட்டர்ன் கேட்க எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். சில இடங்களில் ஏழே நாள்தான். விற்பவர் ‘பார்க்கிறேன், நாளை சொல்கிறேன்’ என்று இழுக்கிற இழுவையில் அந்த நாள் தாண்டிவிடும். இதை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. அதனால் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், ரிட்டர்ன் விண்ணப்பத்தைத் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். அவருக்கும் தளத்தின் வழியாகவே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘வணக்கம். மூன்று கார்டுகளும் கிடைத்தன. ஒன்றின் மேல் முனையில் மடிப்பு இருக்கிறது, படங்கள் இணைத்திருக்கிறேன். கவரிலும் அதே இடத்தில் மடிப்பு உள்ளது. விளம்பரத்தில் நியர் மிண்ட் என்று இருந்ததால் இந்தக் கார்டை வைத்துக்கொள்ள முடியாது. இதற்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது மூன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.’

இதில் ரிவியூ பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘பணம் தராவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்’ என்று எழுதவே கூடாது. வெளிநாட்டுக் கார்டு சந்தையில் பெரியதான ஈபேயில், ரேட்டிங்கைக் காட்டி மிரட்டி, விளம்பரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பது விதிமீறல். அந்த ஒரு வரியை விற்பவர் தளத்துக்குக் காட்டினால் உங்கள் ரிவியூவே நீக்கப்படலாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது மிரட்டலுக்கு அவசியமே இல்லை.

அவருடைய 500 ரூபாய் பேரமும் அதே தவறுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. பணத்தை வாங்காதீர்கள். சேதத்துக்கு ஈடாக ஒரு தொகையை அவர் தந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், அது உங்களுக்குச் சேர வேண்டியது. ஐந்து ஸ்டாருக்கு விலையாகத் தந்தால் ஒரு ரூபாய் கூட வேண்டாம். ‘ஈட்டுத் தொகையை ஏற்கிறேன், ரிவியூவில் நடந்ததைத்தான் எழுதுவேன்’ என்று பதில் போடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஆன்லைன் ரிவியூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய ரிவியூ வெளிவரக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அவருடைய அந்தச் செய்தியை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள்.

அவர் பணம் தராமலே போனால், தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே 2020 விதிகளில் இருக்கிறது. அதுவும் நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போது அந்த முன்னூறு பேர். அதைப் பார்த்து உங்களுக்குத் தயக்கம் வந்திருக்கிறது, ‘நமக்கு மட்டும்தான் இப்படியோ’ என்று. இந்த ரேட்டிங் முறை எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் போய்விடும். ஈபே 1995-இல் தொடங்கியது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிப் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால், மறு வருடமே வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் முறை வந்தது. அதில் ஒரு சிக்கல். வாங்கியவர் குறை எழுதினால் விற்றவர் பழிக்குப் பழியாக அவருக்கும் குறை எழுதுவார். அந்தப் பயத்திலேயே பலர் வாயை மூடிக்கொண்டார்கள், அல்லது நல்லதாக எழுதிவிட்டுப் போனார்கள். 2008-இல்தான், விற்பவர்கள் வாங்குகிறவர்களுக்கு எதிர்மறைக் கருத்து எழுத முடியாது என்று விதியை மாற்றினார்கள். ஆனால் அந்த மனநிலை மாறவில்லை. வம்பு எதற்கு என்று ஐந்து ஸ்டார் போடுவதும், ஒன்றுமே எழுதாமல் போவதும் எல்லா ஊரிலும் இருக்கிறது. உங்கள் கணவர் சொன்னதும் அதுதானே.

அதனால் எண்ணைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். அந்த முன்னூறில் ‘பேக்கிங்’, ‘கவர்’, ‘முனை’ என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். மூன்று ஸ்டார் போட்டவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். கோபமும் இல்லாமல் தாட்சண்யமும் இல்லாமல் எழுதுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இன்னொன்றையும் பாருங்கள்: மற்றவர்கள் அவரிடம் வாங்கியது என்ன? ஐந்து ரூபாய் பத்து ரூபாய் சாதாரண கார்டுகளை மொத்தமாக வாங்கிய குழந்தைகள் என்றால், முனை மடிந்ததை அவர்கள் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அந்த ஸ்டார்கள் பொய் அல்ல. உங்கள் மாதிரி வாங்குகிறவருக்கு அவை பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் ரிவியூ அந்த இடத்தை நிரப்பும். 800 ரூபாய் கார்டு வாங்க நினைக்கிற இன்னொரு ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைத் தேடிப் படிப்பான். அவனுக்காக எழுதுங்கள். விற்றவரைத் தண்டிக்க எழுதினால் எழுத்து வேறு மாதிரி ஆகிவிடும்.

‘திருடன்’ என்ற சொல் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அவர் திருடவில்லை. கார்டு அசல், எண்ணிக்கை சரி, அனுப்பியும் வைத்தார். தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. மூன்று வருட ஆசை ஒரு கவருக்குள் மடிந்து வந்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் ‘திருடன், யாரும் வாங்காதீர்கள்’ என்று படிக்கிறவருக்கு என்ன தெரியும்? என்ன நடந்தது என்று தெரியாது. யாரோ கோபக்காரர் என்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதோடு, உண்மையல்லாத குற்றத்தை ஒருவர் மேல் பொதுவில் எழுதுவது அவதூறு. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. நடந்ததை நடந்தபடி, மற்றவர்களின் நன்மைக்காக எழுதுகிறவருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘மூன்று ஹோலோ கார்டுகள் ஒரே ஸ்லீவில், டாப்லோடரோ அட்டையோ இல்லாமல், சாதாரண காகிதக் கவரில் வந்தன. ஒன்றின் மேல் முனை மடிந்திருந்தது. கார்டுகள் அசல், சொன்ன நாளில் வந்தன. புகார் செய்தபோது முதலில் கூரியர் பொறுப்பு என்றார், பிறகு அந்தக் கார்டுக்கான பணத்தைத் திருப்பித் தந்தார். விலை அதிகமான கார்டு என்றால் பேக்கிங் எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.’

பணம் தரவில்லை என்றால் அந்த இடத்தில் ‘பணம் தரவில்லை’ என்று மட்டும் வரட்டும். ஐந்து ஸ்டாருக்கு 500 ரூபாய் பேசியதையும் ஒரு வரியில் சேர்க்கலாம், ஆதாரம் உங்களிடம் இருக்கிறது. முக்கியமானது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். ஈபேயில் நெடுங்காலம் 80 எழுத்துக்குள்தான் கருத்து எழுத முடிந்தது. அந்தக் காலத்தில் எழுதிப் பழகிய எங்களுக்கு இது கைவந்துவிட்டது. இன்றும் போனில் பார்க்கிறவருக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் வரும். கவரின் படம் ஒன்றையும் மடிப்பின் படம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் விலாசம் உள்ள பகுதியை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

எத்தனை ஸ்டார்? பணத்தைத் திருப்பித் தந்தால் மூன்று. தராவிட்டால் ஒன்று. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் அதிகம் யோசிக்காதீர்கள். பேக்கிங்குக்குத் தனி ரேட்டிங் கேட்கிற தளம் என்றால் அங்கே தயங்காமல் ஒன்று போட்டுவிட்டு, சரக்கின் உண்மைத்தன்மைக்கும் வந்த வேகத்துக்கும் உரியதைக் கொடுங்கள்.

மூன்று கார்டும் தப்பித் தவறி நல்லபடியாக வந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தம்பி ஒரு நாள் கேட்பான். அதே கவர், அதே ஒற்றை ஸ்லீவ், ஆனால் மடிப்பு இல்லை. அப்போதும் பேக்கிங் பற்றி எழுத வேண்டும் என்பதுதான் என் கருத்து. அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அடுத்தவனுக்கு இருக்காது. அந்தச் சமயத்தில் முதலில் தனிச் செய்தியாகச் சொல்லிவிட்டு, ரிவியூவில் நான்கு ஸ்டாரோடு ஒரு வரி குறிப்பிட்டால் போதும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் பழைய படத் தபால் அட்டைகளை ஆன்லைனில் விற்கத் தொடங்கிய புதிதில், ஒரு வாடிக்கையாளர் இரண்டு வரி எழுதினார். ‘அட்டை சொன்னபடியே இருக்கிறது. பிளாஸ்டிக் உறையின் வாயை செல்லோடேப்பால் நேரடியாக ஒட்டியிருந்ததால், வெளியே எடுக்கும்போது அட்டையின் பின்பக்கம் பசை பட்டுவிட்டது.’ திட்டவில்லை, ஸ்டாரைக் கூட ஒன்றுதான் குறைத்திருந்தார். அது எண்பது வருடப் பழைய அட்டை. அந்தப் பசையை முழுதாக எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைத் திருப்பினேன். என் கடையிலிருந்து போகிற எந்தப் பார்சலின் உள்பக்கத்திலும் அதற்குப் பிறகு செல்லோடேப் கிடையாது. என்ன தவறு, எங்கே தவறு என்று அவர் விரல் வைத்துக் காட்டியதால்தான் அதைத் திருத்த முடிந்தது. வெறும் ‘மோசமான செல்லர்’ என்று எழுதியிருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன், செல்லோடேப்பைத் தொடர்ந்து ஒட்டியிருப்பேன். உங்கள் விற்பனையாளரும் திருந்துவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. திருந்துவதற்கு வேண்டியதை நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விலாசம் அவரிடம் இருப்பது உண்மைதான். அதற்குத்தான் பேச்சு முழுவதையும் தளத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். போன் எண் கேட்டாலும் வாட்ஸ்அப்புக்கு அழைத்தாலும் போகாதீர்கள். மிரட்டல் தொனியில் ஏதாவது வந்தால் பதில் சொல்லாமல் அதைத் தளத்துக்கும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் காட்டுங்கள். நடந்ததை மட்டும், திட்டாமல் எழுதிய ரிவியூவுக்காக ஒருவர் வீடு தேடி வந்ததை என் இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை. கெட்ட வார்த்தையில் எழுதிய ரிவியூக்களால் நீண்ட சண்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

ரிவியூவைத் தம்பியே எழுதட்டும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கும், அதனால் பதிவு செய்வதற்கு முன்னால் நீங்கள் படித்துப் பாருங்கள். முதலில் கோபம் தீர ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், ‘திருடன்’ உட்பட. மறுநாள் அதை வைத்துக்கொண்டு, படத்தில் காட்ட முடிகிற வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதுதான் ரிவியூ.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மடிப்பை நீக்குவதற்கு இஸ்திரிப் பெட்டி வைக்கலாம், ஈரத் துணி போட்டுக் கனமான புத்தகத்துக்கு அடியில் அழுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். உடைந்த காகித நார் சேராது, ஹோலோ படலம் குமிழ் விட்டுவிடும், ரிட்டர்ன் கேட்கிற உரிமையும் போய்விடும். விவகாரம் முடிகிற வரை கார்டு வந்த நிலையிலேயே இருக்கட்டும், ஒரு தனி ஸ்லீவில் போட்டு இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். வளைந்த மற்ற இரண்டையும் வைத்துக்கொள்வது என்று முடிவானதும், ஸ்லீவோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு சில வாரம் வையுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும்.

அடுத்த முறை தம்பி கார்டு வாங்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால் விற்பவருக்கு ஒரு வரி அனுப்பட்டும்: ‘ஒவ்வொரு கார்டும் தனி ஸ்லீவில், டாப்லோடரில் வருமா? அதற்குக் கூடுதலாக 50 ரூபாய் ஆனாலும் தருகிறேன்.’ நல்ல விற்பனையாளர் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தன் பேக்கிங்கைப் படம் எடுத்தே அனுப்பிவிடுவார். பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம்.